இறால் நுழையாத வீடு

அத்தியாயம் 6

“விஷம் இல்லை. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும். எது இவனைச் சாய்ச்சுதுன்னு கேட்டாத்தான் என்கிட்ட பதில் இல்லை” என்றாள் டாக்டர் நீரஜா.

அடையாறில் அந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாலகணேஷ் படுத்திருந்தான். தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கும் ராஜரத்தினத்தின் ஒரே பிள்ளை. முந்தாநாள் காலை வீட்டில் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், தட்டில் பாதி இருக்கும்போதே தொண்டையைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அதன் பிறகு கண் திறக்கவில்லை. அவனுக்குப் பதிலாக ஒரு இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பூரி சுட்டுப் போட்ட மனைவி சரண்யா போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள். மருமகள் விஷம் வைத்துவிட்டாள் என்று ராஜரத்தினம் நேற்று சாயங்காலம் புகார் கொடுத்திருந்தார். இன்று சாயங்காலம் அவளை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி ரிமாண்ட் கேட்கப் போகிறார்கள்.

நாகராஜ் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டுத் தன் முதலாளியம்மாவிடம் திரும்பினான். ஹமீதுன்னிசாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்ச் சாவுகளைத் துருவி எடுத்தவள், இப்போது மயிலாப்பூரில் ஒரு தையல்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். நாகராஜ் அவளுக்கு ஆட்டோ டிரைவர், உதவியாளர், அவள் சிரிக்காத ஜோக்குகளுக்கு மொத்த வியாபாரி.

“விஷம் இல்லைன்னு எப்படி இவ்வளவு உறுதியா சொல்ற?” என்று ஹமீதுன்னிசா கேட்டாள். நீரஜாவும் அவளும் பழைய சிநேகிதிகள். இந்தக் கேஸைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டதும் நீரஜாதான்.

“அவன் ரத்தத்துல ஒரு பொருள் ஏறியிருக்கு. உடம்பு எதையோ பார்த்து மிரண்டு தன்னைத்தானே அடிச்சுக்கிட்டாத்தான் அது ஏறும். இது அலர்ஜி. சாதாரண அரிப்பு, தடிப்பு இல்லை. நிமிஷத்துல ஆளைச் சாய்க்கிற ரகம்.”

“அதாவது, வூட்ல திருடன் பூந்துட்டான்னு நெனச்சி வாட்ச்மேனே வூட்டைக் கொளுத்திட்டான்” என்றான் நாகராஜ்.

“கிட்டத்தட்ட அதேதான். ஆனா திருடன் யாருன்னு தெரியணுமே? எதுக்கு அலர்ஜின்னு இன்ஸ்பெக்டர் கேக்கறார். சின்ன வயசுலேர்ந்து சாப்பிடற பூரி, உருளைக்கிழங்கு. அலர்ஜின்னே வெச்சுக்கிட்டாலும், அது தெரிஞ்சே பொண்டாட்டி எதையோ கலந்திருந்தா அதுவும் கொலை முயற்சிதானேங்கறார். என்னால மறுக்க முடியல.”

நீரஜா கண்ணாடியின் மேல் கையை வைத்தாள். “இந்தச் சுபாவம் பெரும்பாலும் குடும்பத்துல வழிவழியா வரும். ரத்த சொந்தத்துல யாருக்காவது இருந்துதான்னு தெரிஞ்சா எனக்கு ஒரு திசை கிடைக்கும். அப்பாவைக் கேட்டேன். ‘எங்க வம்சத்துல ஒருத்தனுக்குத் தும்மல்கூடக் கிடையாது’ன்னுட்டார்.”

“சொல்லிட்டுத் தும்மினாரா டாக்டர்?” என்றான் நாகராஜ்.

நீரஜா திகைத்துப் பார்த்தாள். “ஆமா. அங்க யாரோ திரைச்சீலையை உதறினாங்க. நிறுத்தாமத் தும்மினார். உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து அவர் கடைக்குப் போயிருந்தோம். குடோன்ல பொடவைக் கட்டைப் பிரிச்சா ஓனரு கர்ச்சீப்போட வெளிய ஓடறாரு. புள்ளையும் அப்படித்தான், அப்பனுக்கும் புள்ளைக்கும் தும்மல்ல போட்டின்னு கடைப் பசங்க சொன்னாங்கோ.”

ஹமீதுன்னிசா கைப்பையைத் தோளில் மாட்டினாள். “தும்மலுக்கே பொய் சொல்றவர், வேற எதுக்கோ பெரிசா பொய் சொல்லியிருக்கார். வா.”

* * *

ஸ்டேஷனில் மரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சரண்யாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முந்தாநாள் கட்டிய சேலையிலேயே இருந்தாள். முந்தானையில் உருளைக்கிழங்கு மஞ்சள் காய்ந்திருந்தது.

“நான் எதையும் கலக்கலம்மா.”

“தெரியும். பூரிக்கு என்னென்ன போட்ட? யோசிச்சுச் சொல்லு.”

“மாவு, உப்பு, தண்ணி. வேற என்ன போடுவாங்க? எண்ணெய் எப்பவும் வாங்குற பாக்கெட். மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் மாமா வீட்லேர்ந்து டின்னுல வந்துடும். நாங்க தனியா வந்ததுலேர்ந்து அப்படித்தான். என் கை மேல அவருக்கு நம்பிக்கை கிடையாது. நானும் அதே பூரியைத்தான் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகல. அதையே எனக்கு எதிராச் சொல்றாங்க.”

“குழந்தை?”

“தன்ஷிகாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கஞ்சிதான் குடுத்தேன்.” அதுவரை உடையாமல் இருந்த குரல் இப்போது உடைந்தது. “அவளை மாமா கோபாலபுரத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. முழங்கை மடிப்புல அவளுக்குக் கரப்பான். விடாமச் சொறிஞ்சிப்பா. மருந்து பாத்ரூம் அலமாரியில இருக்கு, அவங்களுக்கு அதுகூடத் தெரியாது.”

ஹமீதுன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்த வீட்ல எதையாவது சாப்பிடக் கூடாதுன்னு உன் மாமனார் சொல்வாரா?”

சரண்யா நிமிர்ந்து பார்த்தாள். “எறா. கல்யாணம் ஆன புதுசுல ஒருநாள் வாங்கித் தொக்கு செஞ்சேன். மாமா சட்டியோட தூக்கித் தெருவுல போட்டாரு. அங்க ஆட்டுக்கறி உண்டு, கோழி உண்டு, மீன் இல்லாம ஞாயித்துக்கிழமையே கிடையாது. எறா மட்டும் வாசல் தாண்டக் கூடாது. குலதெய்வத்துக்கு வேண்டுதலாம்.”

“எறா வேணாம்னு சொல்ற சாமியா? எங்க ஏரியா சாமியெல்லாம் கருவாடு வரைக்கும் ஒத்துக்கும்” என்றான் நாகராஜ். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

“வேண்டுதல் எப்பலேர்ந்து?”

“மாமாவோட தங்கச்சி செத்ததுலேர்ந்துன்னு இவர் ஒரு தடவை சொன்னாரு. செல்வக்கனின்னு பேரு. பூஜை ரூம்ல படம் இருக்கு. கட்டிக்குடுத்த கொஞ்ச மாசத்துலேயே நாத்தனார்காரி சோத்துல எலி மருந்து வெச்சுக் கொன்னுட்டாளாம். அவ ஜெயிலுக்குப் போனாளாம். முந்தாநாள் என்னைப் பார்த்து மாமா, ‘இன்னொரு பங்கஜம் என் வீட்டுக்கே வந்துட்டா’ன்னு கத்தினாரு.”

வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஹமீதுன்னிசா ஸ்டேஷன் வாசலிலேயே நின்று போனில் ஒரு நம்பரைத் தட்டினாள். மயிலாப்பூரில் வெங்கடரமணன் என்ற ஓய்வுபெற்ற வக்கீல் இருக்கிறார். அந்தக் காலத்து மெட்ராஸ் கிரிமினல் கேஸ் எதுவும் அவருக்குத் தெரியாமல் நடந்திருக்காது.

“பங்கஜம் கேஸா?” என்றது கிழக் குரல். “அப்பீல்ல ஆஜரானதே நான்தான். எலி மருந்து பரண்ல இருந்ததுன்னு தண்டனை குடுத்துட்டா. உடம்புல விஷமே கிடைக்கலேன்னு நாங்க நிரூபிச்சு வெளியில கொண்டுவரதுக்குள்ள வருஷக்கணக்காயிடுத்து. ஆத்துல யாரும் சேத்துக்கலே. சாந்தோம்ல மாதா கோயில் பின்னாடி ஒரு பொண்கள் ஹாஸ்டல்ல சமையலுக்குச் சேத்துவிட்டேன். இன்னும் அங்கதான் இருக்கா. அவ பழைய கதை அங்க ஒருத்தருக்கும் தெரியாது. வாயை விட்டுண்டு அவ பொழைப்பைக் கெடுத்துடாதேங்கோ.”

நாகராஜ் ஆட்டோவைக் கிளப்பினான். விஷம் வைத்தவள் என்று ஊர் சொன்ன ஒருத்தி, இத்தனை வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு ஒரு ஜோக் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை.

* * *

ஹாஸ்டல் சமையல்கட்டின் பின்வாசலில் ஒரு பெண் பெரிய அண்டாவைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நரைத்த தலை, எலும்பு துருத்திய தோள். செல்வக்கனி என்ற பெயரைக் கேட்டதும் தேங்காய் நார் கையிலேயே நின்றது.

“எனக்கு அப்படி யாரையும் தெரியாதும்மா. போயிருங்க.”

“இன்னிக்கு இன்னொரு பொண்ணு ஸ்டேஷன்ல உக்காந்திருக்கா” என்றாள் ஹமீதுன்னிசா தணிந்த குரலில். “அதே ராஜரத்தினம், அதே புகார். இப்ப அவர் மருமக. சாயங்காலம் ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. சின்னக் குழந்தை இருக்கு அவளுக்கு.”

பங்கஜம் எழுந்து சமையல்கட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து சுவரோரமாக நின்றாள். கடல் காற்று அவளுடைய சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டே இருந்தது.

“என் தம்பி பொண்டாட்டி அவ. அன்னிக்கு அவ அண்ணன் விருந்துக்கு வந்திருந்தாரு. நான்தான் சமைச்சேன். நான்தான் பரிமாறினேன். அதை என்னிக்கும் இல்லைன்னு சொல்லல. ரசம் எடுக்க அடுக்களைக்குள்ள போனேன். திரும்பி வந்தா அவ தொண்டையைப் பிடிச்சிட்டு நிக்கா. உதடெல்லாம் வீங்கிப்போச்சு. கழுத்தெல்லாம் செக்கச்செவேல்னு தடிப்பு. என் கையத்தான் வந்து பிடிச்சா. பிடி தளர்றவரைக்கும் என்னையவே பார்த்திட்டிருந்தா.”

ஹமீதுன்னிசா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அவளுக்கு ஏதாவது சாப்பிட்டா ஒத்துக்காதுன்னு யாராவது சொல்லியிருந்தாங்களா?”

“ஒருத்தரும் சொல்லல. கோர்ட்டுல அவ அண்ணன் கூண்டுல ஏறி, ‘என் தங்கச்சிக்கு ஒரு குறையும் கிடையாது, எங்க குடும்பத்துல எல்லாரும் எல்லாம் சாப்பிடுவோம்’னு சத்தியம் பண்ணாரு.” பங்கஜம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அவளுக்கு என்ன ஆச்சுன்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரியாதும்மா. வெளிய விட்டுட்டாவதான். ஆனா சில நாளு எனக்கே சந்தேகம் வரும். கை தவறி நானே எதையாவது போட்டுட்டேனோன்னு.”

“அன்னிக்கு என்ன சமைச்சீங்க?”

“றால் வறுவல். தூத்துக்குடியிலேர்ந்து வந்தவங்களாச்சே, பிரியமா சாப்பிடுவாவன்னு.”

ஹமீதுன்னிசா சட்டென்று உதவியாளரிடம் திரும்பினாள். “நாகராஜு, தங்கச்சிக்கு எலி மருந்து வெச்சுட்டாங்கன்னு நெஜமாவே நம்பற ஒரு அண்ணன், தன் வீட்டுக்குள்ள எதை வர விடக் கூடாது?”

“இதென்ன மேடம் கேள்வி? எலி மருந்தை.”

“இவர் எதைத் தடுத்தார்?”

“எறாவை” என்றான் நாகராஜ்.

“அவருக்குத் தெரியும்” என்றாள் ஹமீதுன்னிசா. “தங்கச்சியைக் கொன்னது இறால்தான்னு கூண்டுல ஏறினப்பவே அவருக்குத் தெரியும்.”

பங்கஜம் மெல்லக் கீழே உட்கார்ந்தாள். அழவில்லை. “அவருக்குத் தெரியுமா?” என்றாள். கொஞ்சம் கழித்து, யாரிடமும் இல்லாமல், “தெரியுமா?” என்றாள் மறுபடியும்.

* * *

சாந்தோம் நெடுஞ்சாலையில் ஆட்டோ திரும்பியதுமே ஹமீதுன்னிசா போனை ஸ்பீக்கரில் போட்டு நீரஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஆனா ஒண்ணு இடிக்குது. அத்தைக்கு இறால், பையனுக்குப் பூரி. ஒரே பரம்பரை நோய்னா ஒரே பொருளா இருக்க வேணாமா?”

“வேணாம். பாட்டி நகை மாதிரி அப்படியே கைமாறி வர்றதில்லை இது. எதையாவது பார்த்துச் சட்டுனு மிரள்ற சுபாவம்தான் ரத்தத்துல இறங்கும். எதைப் பார்த்து மிரளணும்னு ஒவ்வொரு உடம்பும் தானாக் கத்துக்கும். ஒருத்தருக்குத் தும்மலோட போயிடும், இன்னொருத்தருக்குக் கரப்பான், இன்னொருத்தருக்கு மூச்சிரைப்பு. எவனோ ஒருத்தனுக்கு உயிருக்கே...” நீரஜா பாதியில் நிறுத்தினாள். “இரு. தூசிக்குத் தும்மல். இறாலுக்கு வீக்கம். ஹமீதா, வீட்டுத் தூசியில கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி இருக்கு. அதுக்கும் இறாலுக்கும் தூரத்துச் சொந்தம். ஒண்ணைப் பார்த்து மிரள்ற உடம்பு சில சமயம் இன்னொண்ணைப் பார்த்தும் மிரளும். ஆனா தூசியை யாரும் சாப்பிடறதில்லையே.”

“அந்தப் பூச்சி தூசியில மட்டும்தான் இருக்குமா?”

நீரஜாவின் குரல் வேறு மாதிரி வந்தது. “மாவு. மழைக்காலத்துல நாள்பட்டுக் கிடக்கிற கோதுமை மாவுல அதே ரகம் பெருகும். நாத்தம் வராது, கண்ணுக்குத் தெரியாது. எண்ணெயில பொரிச்சாலும் அதோட குணம் முழுசாப் போகாது. மத்தவங்க சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. இவனுக்கு மட்டும்தான் ஆகும். கடவுளே, பூரி!”

கிறீச்சென்று ஆட்டோ ஓரமாக நின்றது. நாகராஜ் திரும்பிப் பார்த்தான்.

“மேடம், மாவு அந்தப் பொண்ணு வாங்கினது இல்ல. டின்னுல வந்தது. அவரு வூட்லேர்ந்து.”

“ஆமா.”

“தன்ஷிகா பாப்பா இப்ப அங்கதான கீது? கைல கரப்பானோட?”

“யா அல்லாஹ்” என்றாள் ஹமீதுன்னிசா. “எடு வண்டியை!”

ராஜரத்தினத்தின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்தார்கள். இரும்புத் தடுப்புகளுக்கு நடுவில் பஸ்ஸும் காரும் தண்ணீர் லாரியும் ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து நின்றன. நாகராஜ் நடைபாதையில் ஏற்றினான், இறக்கினான், யாரோ திட்டினார்கள், அவனும் திட்டினான். வாழ்க்கையில் முதல்முறையாக வேடிக்கையாக ஒரு வார்த்தைகூட அவனுக்கு வாயில் வரவில்லை. ஸ்பீக்கரில் நீரஜா சொல்லிக்கொண்டே வந்தாள். “ஏதாவது ஆரம்பிச்சிருந்தா என்கிட்ட கொண்டுவர நேரம் இருக்காது. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியோ அங்க போ. மடியில படுக்க வெச்சுக் காலை ஒசத்திப் பிடி. தொடையில அட்ரினலின் ஊசி. மத்த எல்லாம் அதுக்கப்புறம்தான்.”

* * *

கோபாலபுரத்தில் மரங்கள் அடர்ந்த தெருவில் பழைய பங்களா. கேட்டைத் திறந்ததுமே கோதுமை தோசையின் மணம் வந்தது.

சாப்பாட்டு மேஜை முன்னால் ராஜரத்தினம் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு ஊட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடவில்லை. இரண்டு நாள் தாடி. பிள்ளை மருத்துவமனையில் கிடக்க, இந்த ஒரு உயிரையாவது கையில் பிடித்துவைத்திருக்கிற மனிதர் உட்காருகிற விதம் அது.

“போதும் தாத்தா. நாக்கு கடிக்குது” என்றாள் தன்ஷிகா.

“நடிக்காதடா கண்ணு. ஒரு வாய்தான். அப்பா வந்தா நீ மெலிஞ்சுட்டேன்னு என்னைத் திட்டுவான்.”

“குடுக்காதீங்க!” என்று கத்திக்கொண்டே ஹமீதுன்னிசா உள்ளே ஓடினாள்.

அவர் கோபமாக எழுந்திருக்கப் போனார். அதற்குள் குழந்தை இருமியது. ஒரு இருமல், அடுத்தது, அடுத்தது, நிற்கவே இல்லை. கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்புகள் கிளம்பின. கீழுதடு கண்ணெதிரே பெரிதாகிக்கொண்டு வந்தது. தன்ஷிகா தாத்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

ராஜரத்தினம் கல்லாகிப் போனார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது பேத்தியை அல்ல என்று நாகராஜுக்குத் தோன்றியது.

“செல்வக்கனிக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது?” என்றாள் ஹமீதுன்னிசா. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குழந்தையை அள்ளிக்கொண்டாள். “ஏறுங்க ஆட்டோவுல!”

தோசை சுட்டுக்கொண்டிருந்த சமையல்காரர் பின்னாலேயே ஓடிவந்து தொற்றிக்கொண்டார். மெயின் ரோட்டில் முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் ஆட்டோ ஏறக்குறைய படியேறி நின்றது. இளம் டாக்டர் ஒருவர் ஓடிவந்தார். குழந்தையின் மூச்சு விசில் போல இழுத்துக்கொண்டிருந்தது.

“விஷம் டாக்டர்!” என்று அலறினார் சமையல்காரர். “இதோட அப்பாவுக்கும் இப்படித்தான் விஷம் வெச்சிட்டாங்க! போலீஸ் கேஸு நடக்குது!”

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். “விஷமா? வயித்தைக் கழுவ டியூப் எடுங்க. போலீஸுக்குச் சொல்லுங்க.”

“விஷம் இல்லை, அலர்ஜி! அட்ரினலின் போடுங்க” என்றாள் ஹமீதுன்னிசா.

“நீங்க குழந்தைக்கு யாரு?”

அவள் ராஜரத்தினத்தை முன்னால் தள்ளினாள்.

டாக்டர் ராஜரத்தினத்திடம் திரும்பினார். “நீங்க தாத்தாவா? சீக்கிரம் சொல்லுங்க. விஷம்னா ஒரு வழி, அலர்ஜின்னா வேற வழி. ரத்த சொந்தத்துல யாருக்காவது சாப்பிட்ட உடனே இப்படி வந்திருக்கா?”

தன்ஷிகாவின் உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. ராஜரத்தினத்தின் தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. பேசுய்யா என்று நாகராஜ் உள்ளுக்குள் கெஞ்சினான். இல்லை, வெளியிலேயே கத்திவிட்டான் போலிருக்கிறது. நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

“என் தங்கச்சி” என்றார் ராஜரத்தினம். “றால் தின்னு செத்துப்போனா. விஷம் இல்ல டாக்டர். யாரும் விஷம் வைக்கல. அன்னிக்கும் வைக்கல. ஊசியைப் போடுங்க.”

டாக்டர் கையை நீட்டினார். நர்ஸ் ஊசியை நிரப்பிக் கொடுத்தாள். தொடையில் இறங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை. விசில் சத்தம் மெலிந்துகொண்டே போயிற்று. முகத்தில் ஆக்ஸிஜன் மூடி வைத்தார்கள். டாக்டர் இன்னொரு ஊசி கேட்டார். நாகராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முருகா, மாதாவே, அல்லா என்று வழியில் பார்த்த எல்லோரையும் கூப்பிட்டான்.

அப்புறம் ஒரு இருமல். அதற்குப் பின்னால், வாய் நிறைய, கோபமான ஒரு அழுகை.

அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை அவன் கேட்டதே இல்லை.

* * *

ராஜரத்தினம் வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன.

“சின்ன வயசுலேயே அவளுக்கு றால் தின்னா உதடு தடிக்கும். எங்க அம்மா அதை மறைச்சே கட்டிக்கொடுத்தாவ. அவளுக்குக் கீழ இன்னும் ரெண்டு தங்கச்சிங்க. ரத்தத்துல நோயின்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் வந்து பொண்ணு கேப்பான்? அன்னிக்கு விருந்துல அவ தட்டை ஒதுக்கினா. சம்பந்தி வீட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு நான்தான், ‘நடிக்காத, ஒரு வாய் தின்னு’ன்னேன்.” அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “இப்பவும் அதேதான் சொல்லியிருக்கேன், பாத்தீயளா?”

ஹமீதுன்னிசா ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

“என் பையன் விழுந்ததும் புரிஞ்சுபோச்சு. றால் இல்லாம இது வராதுன்னு நெனச்சேன். மருமக ஒளிச்சுக் கலந்துட்டான்னு நெனச்சேன். அதைச் சொன்னா பழசெல்லாம் வெளிய வரும். அதனால விஷம்னுட்டேன்.”

“மாவு உங்க டின்னுலேர்ந்து போனது.”

“ஆமா” என்றார் அவர். “நல்ல கோதுமையாப் பாத்து, நானே நின்னு அரைச்சது. மழைக்கு முன்னாலயே மொத்தமா அரைச்சு வெச்சேன்.”

ஹமீதுன்னிசா இன்ஸ்பெக்டரின் நம்பரைப் போட்டு போனை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கத் தயங்கினார். உள்ளே தன்ஷிகா அம்மா வேணும் என்று அழுதுகொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டார்.

“சார், ராஜரத்தினம் பேசுதேன். என் மருமகளை விட்டுருங்க. நான் குடுத்தது பொய்ப் புகார். நேர்ல வந்து எழுதிக் கையெழுத்துப் போடுதேன்.” மூச்சு வாங்கியது அவருக்கு. “இன்னொரு பொம்பளை மேலயும் பொய் சொல்லியிருக்கேன் சார். பல வருஷம் ஆச்சு. அதையும் எழுதிக்கிடணும்.”

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “பங்கஜம் உசுரோட இருக்காவளா?” என்று கேட்டார்.

“இருக்காங்க.”

“நான் போய்க் கால்ல விழட்டுமா?”

“வேணாம். அது உங்க பாரத்தை இறக்கத்தான் உதவும். அவங்களா வரச் சொன்னா அன்னிக்குப் போங்க” என்றாள் ஹமீதுன்னிசா. அவள் குரலில் இரக்கம் இல்லை. நாகராஜ் பக்கம் திரும்பினாள். “நீ போய்ச் சொல்லிட்டு வா.”

* * *

நாகராஜ் போனபோது ஹாஸ்டலில் ராத்திரி சமையலுக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். பின்வாசலில் நின்றபடி நடந்ததையெல்லாம் சொன்னான். ராஜரத்தினம் கோர்ட்டில் சொன்ன பொய், இன்று போனில் சொன்ன உண்மை, எல்லாம்.

“நீங்க கை தவறி ஒண்ணும் போடலம்மா. எறாதான். அது அந்தப் பொண்ணு ரத்தத்துலயே இருந்திருக்கு. அவங்க வூட்டுக்குத் தெரியும், உங்களுக்குத்தான் சொல்லல.”

பங்கஜம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் சாம்பார் கொதிக்க ஆரம்பித்ததும் போய்த் தணலைக் குறைத்துவிட்டு வந்தாள்.

“குழந்தை பொழைச்சுக்கிட்டா?”

“பொழைச்சிட்டா.”

“அதோட அம்மா?”

“இப்ப வுட்டுடுவாங்க. நேரா புருஷன்கிட்டதான் போவும். டாக்டருக்கு இன்னான்னு தெரிஞ்சிடுச்சு. ஆனா அந்தாளு இன்னும் கண் முழிக்கல. முழிப்பாரான்னும் யாரும் சொல்ல மாட்டேன்றாங்கோ.”

“சாப்பிட்டாளா அவ?”

நாகராஜுக்கு அது தோன்றவே இல்லை. முந்தாநாள் காலையில் சாப்பிட்ட பூரிக்குப் பிறகு அவள் வாயில் எதையும் வைத்திருக்க மாட்டாள். “இல்லம்மா” என்றான்.

பங்கஜம் அலமாரியிலிருந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்தாள். சூடான சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றிக் குழையப் பிசைந்து, மேலே கொஞ்சம் நெய் விட்டு மூடினாள். துணியால் சுற்றி அவன் கையில் கொடுத்தவள், உடனே விட்டுவிடாமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரு சமைச்சதுன்னு கேப்பா. மறைக்காத தம்பி. பங்கஜம்னு சொல்லு. அதைத் தெரிஞ்சுக்கிட்டே அவ சாப்பிடணும்.”